ஒரு செங்கல் கடையும் படிக்கட்டில் வைத்த காசும்

எங்க ஊர்க் கடைத்தெரு முக்கில் ஒரு பழைய செங்கல் கட்டிடம் இருக்கிறது. மாடிக்கடை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கீழே மளிகை. மேலே மூட்டை அடுக்கும் கிட்டங்கி. நான் சின்னப் பையனாக இருந்த காலத்தில் எங்க தெருக்காரர்கள் அந்தக் கடையின் படி ஏறக்கூடாது. கீழ்ப்படியில் காசை வைத்துவிட்டு நாலடி தள்ளி நிற்க வேண்டும். கடைப்பையன் சொம்புத் தண்ணியைக் காசு மேல் தெளித்துவிட்டு எடுப்பான். பொட்டலம் மேலேயிருந்து வந்து விழும். பிடித்தால் பருப்பு. பிடிக்காவிட்டால் மண்ணும் பருப்பும்.

"ரெண்டு கையாலயும் ஏந்துடா. கீழ விட்டியானா மறுபடி வாங்கக் காசு இல்ல" என்று அம்மா சொல்லித்தான் அனுப்புவாள். அந்தக் கட்டிடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவள் இன்னொன்றும் சொல்வாள்: "அந்தச் செவுத்துல இருக்குற கல்லு பூரா எங்கப்பா அறுத்ததுடா." தாத்தா சூளையில் கல் அறுத்தவர். அவர் அறுத்த கல் மாடி வரை ஏறியது. அவர் பேரன் முதல் படி ஏற முடியவில்லை.

போன வருஷம் ஊரில் ஒரு விழா மலர் போட்டார்கள். அதில் மாடிக்கடைக்கு இரண்டு பக்கம். தேக்குக் கதவு, சுண்ணாம்புக் காரை, சுவரின் அகலம், முதலாளியின் தாத்தா செய்த தானதர்மம் எல்லாம் இருந்தது. எங்க தெருவில் கல்லூரி படிக்கிற பையன் ஒருத்தன் மலரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"அண்ணே, நீங்க சொல்ற படிக்கட்டு இதுல இல்லியே?"

"இருக்காது தம்பி. மலர் போட்டவங்க மேலே நின்னு பொட்டலம் போட்டவங்க."

"அப்ப என்ன செய்யறது?"

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக இன்னொரு செங்கல் கடையின் கதையை அவனுக்குச் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலம். அதில் லெஃப்ளோர் மாவட்டத்தில் மனி என்று ஒரு சிற்றூர். ஆங்கிலத்தில் பணம் என்று பொருள். உண்மையில் அது ஹெர்னாண்டோ மனி என்ற செனட்டரின் பெயர். சுற்றிலும் பருத்திக் காடு. பக்கத்தில் ரயில் பாதை. ஒட்டினாற்போல் டல்லஹாச்சி ஆறு. காட்டின் சொந்தக்காரர்கள் வெள்ளையர்கள். பாடுபடுகிறவர்கள் கறுப்பர்கள். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து தொண்ணூறு வருஷம் ஆகியும் அவர்கள் வாரத்துக்குப் பயிரிட்டு, கடனில் விழுந்து, அடுத்த வருஷமும் அதே நிலத்திலேயே கிடந்தார்கள். நம்ம பண்ணையாள் வாழ்க்கைதான். தோல் நிறம் மட்டும் வேறு.

அந்த ஊரின் கடைத்தெருவில் இரண்டு மாடிச் செங்கல் கட்டிடம் ஒன்று. 1955-இல் அதில் ராய் பிரையன்ட் என்கிற வெள்ளைக்காரன் மளிகையும் இறைச்சியும் மிட்டாயும் விற்றுக்கொண்டிருந்தான். குடும்பமும் அங்கேயே பின்கட்டில் குடியிருந்தது. வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் பருத்திக் காட்டுக் கறுப்பர்கள். வேலை முடிந்து வந்து கடை வாசலில் உட்கார்ந்து காய் நகர்த்தி விளையாடுவார்கள். அவர்கள் காசில்தான் அந்த அடுப்பு எரிந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1955 ஆகஸ்ட் 24. சிகாகோவிலிருந்து விடுமுறைக்கு வந்த எம்மெட் டில் என்ற கறுப்பினச் சிறுவன் அந்தக் கடைக்குப் போகிறான். வயது 14. அவன் வாங்கியது இரண்டு சென்டுக்குச் சவ்வு மிட்டாய். கல்லாவில் கடைக்காரனின் மனைவி. கறுப்பன் காசை மேசை மேல் வைக்க வேண்டும், வெள்ளைக்காரியின் கையில் தரக்கூடாது என்பது அந்தப் பக்கத்து எழுதாத சட்டம். பையன் காசை அவள் கையிலேயே கொடுத்தான் என்று, அன்று ஜன்னல் வழியே பார்த்த ஒரு பெண் பல வருஷம் கழித்து ஓர் ஆவணப்படத்தில் சொன்னார். வெளியே வந்த பிறகு அவன் விசில் அடித்தான் என்று கூட இருந்த உறவுக்காரப் பையன்கள் சொன்னார்கள். அவ்வளவுதான்.

அந்த ஜன்னல் சாட்சியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் கீழ்ப்படியும் சொம்புத் தண்ணியும்தான் தெரிந்தது. உலகத்தின் இரண்டு மூலையில் இரண்டு செங்கல் கடை. இரண்டிலும் காசு கைமாறக்கூடாது. காசுக்குத் தீட்டு இல்லை, கைக்குத்தான் தீட்டு.

ஆகஸ்ட் 28 விடியுமுன் இருட்டில் ராய் பிரையன்ட்டும் அவன் தாய்க்கு வேறு கணவர் மூலம் பிறந்த சகோதரன் ஜே. டபிள்யூ. மைலமும் துப்பாக்கியோடு போய், பையன் தங்கியிருந்த வீட்டிலிருந்து அவனைத் தூக்கிப் போனார்கள். அது அவன் அம்மாவின் மாமா மோஸ் ரைட்டின் வீடு. அடித்தார்கள். சுட்டார்கள். பருத்தி அரவை எந்திரத்தின் இரும்பு விசிறியை முள்கம்பியால் கழுத்தில் கட்டி ஆற்றில் தள்ளினார்கள். மூன்று நாள் கழித்து, 31-ஆம் தேதி, உடல் மிதந்தது. முகம் அடையாளம் தெரியவில்லை. விரலில் இருந்த அப்பாவின் மோதிரத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள்.

உடலை அங்கேயே அவசர அவசரமாகப் புதைக்கப் பார்த்தது உள்ளூர் போலீஸ். தாய் மேமி டில் விடவில்லை. சிகாகோவுக்குக் கொண்டு வரவைத்து, பெட்டியைத் திறந்தே வைத்தார். என் பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்று உலகமே பார்க்கட்டும் என்றார். ஆயிரமாயிரம் பேர் வரிசையில் வந்து பார்த்தார்கள். 'ஜெட்' என்ற கறுப்பின வார இதழ் அந்த முகத்தை அச்சிட்டது. பெரிய பத்திரிகைகள் செய்யாததை ஒரு சின்ன இதழ் செய்தது. சிறுபத்திரிகை நடத்துகிற நாம் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

செப்டம்பரில் சம்னர் என்ற ஊரில் விசாரணை. ஜூரிகள் 12 பேர். 12 பேரும் வெள்ளையர், 12 பேரும் ஆண்கள். மோஸ் ரைட், ஒரு வாரக்குடி, வயது அறுபதைத் தாண்டியவர், அந்தச் சபையில் எழுந்து நின்று விரலை நீட்டி வெள்ளைக்காரனைக் காட்டினார். இவன்தான் என்றார். அந்த மண்ணில் அப்படி நீட்டிய விரலுக்கு உயிர்தான் விலை. சாட்சி சொன்ன கையோடு ஊரை விட்டே போனார். ஜூரிகள் 67 நிமிஷம் பேசி, குற்றவாளிகள் இல்லை என்றார்கள். நடுவில் சோடா குடிக்க நிற்காமலிருந்தால் இவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்று ஒரு ஜூரி சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. 1956 ஜனவரியில் அந்த இருவரும் 'லுக்' என்ற பத்திரிகையிடம் காசு வாங்கிக்கொண்டு, ஆமாம் நாங்கள்தான் கொன்றோம் என்று கதை சொன்னார்கள். ஒருமுறை விடுதலையானவனை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க அந்த நாட்டுச் சட்டம் விடாது.

நமக்கு இது புதுசா? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973-இல் விடுவித்தது. காரும் நிலமும் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். சம்னரில் சொன்ன தீர்ப்பு ஆங்கிலத்தில்தான் இருந்தது. நம்ம தீர்ப்பும் ஆங்கிலத்தில்தான் இருந்தது.

இனி கடைக்கு வருகிறேன்.

தீர்ப்பு வந்த பிறகு அந்தப் பருத்திக் காட்டு மக்கள் ஒன்று செய்தார்கள். அவர்களிடம் ஓட்டு இல்லை. ஜூரியில் இடம் இல்லை. போலீஸ் அவர்களுடையது இல்லை. இருந்தது அந்தச் சில்லறைக் காசு. அதைக் கொண்டுபோய் பிரையன்ட் கடையில் போட மறுத்தார்கள். சில வாரத்தில் பிரையன்ட் கடையை இழுத்து மூடினான். நீதிமன்றம் தராத தண்டனையை வாங்குகிறவன் தந்தான். அது போதுமான தண்டனை என்று நான் சொல்லவில்லை. மைலம் 1980-இலும் பிரையன்ட் 1994-இலும் இந்தக் கொலைக்காக ஒரு நாள்கூடத் தண்டனை அனுபவிக்காமல்தான் செத்தார்கள். ஆனாலும் அந்தக் கல்லா அந்த மக்களுடைய காசில்தான் நடந்தது என்பதை அவர்கள் ஊருக்குக் காட்டிவிட்டார்கள்.

பிற்பாடு அந்தக் கட்டிடம் யார் கைக்குப் போனது தெரியுமா? அந்த 12 ஜூரிகளில் ஒருவரின் குடும்பத்துக்கு. அன்று தீர்ப்பைக் கையில் வைத்திருந்தவர்கள், பிறகு சாட்சியையும் கையில் வைத்துக்கொண்டார்கள். கூரை விழுந்தது. மாடித் தளம் விழுந்தது. 2005-இல் கத்ரீனா புயல் மிச்சத்தையும் உலுக்கியது. சுவரெல்லாம் கொடி ஏறி, கட்டிடமா புதரா என்று தெரியாத நிலைக்கு வந்தது. வாங்கிப் பாதுகாக்க வந்தவர்களிடம் 40 லட்சம் டாலர் விலை கேட்டார்கள் என்று செய்தி வந்தது.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். அந்தக் கடைக்குப் பக்கத்திலேயே அதே குடும்பத்துக்குச் சொந்தமான பழைய பெட்ரோல் பங்க் ஒன்று இருக்கிறது. குடியுரிமைப் போராட்ட நினைவிடங்களைப் பாதுகாக்க மிசிசிப்பி அரசு ஒதுக்கிய நிதியிலிருந்து 2011-இல் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து, அந்த பங்க்கைப் புதுசு போல் ஆக்கினார்கள். பக்கத்துக் கடையின் கதையைக் காரணம் காட்டித்தான் அந்தப் பணம் வந்தது. கடைக்கு ஒரு காசு இல்லை. எம்மெட் டில் கால் வைத்த இடம் இடிந்து கிடக்க, பக்கத்து பங்க் பெயின்ட் அடித்து நிற்கிறது. இழவு வீட்டுப் பேரைச் சொல்லி வசூல் பண்ணி எதிர்வீட்டுக்கு வெள்ளையடித்த கதை.

அதே 2011-இல் கடை முன்னால் அரசு ஒரு நினைவுப் பலகை நட்டது. 2017-இல் யாரோ அதன் எழுத்தையும் படத்தையும் சுரண்டி உரித்தார்கள். உடலை எடுத்த ஆற்றங்கரையில் வைத்த பலகையின் கதை இன்னும் மோசம். முதல் பலகையைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தார்கள். அடுத்ததைத் துப்பாக்கியால் துளைத்தார்கள். மறுபடி வைத்தார்கள், மறுபடி சுட்டார்கள். 2019-இல் குண்டு துளைக்காத இரும்பில், சுமார் 225 கிலோ எடையில் ஒரு பலகை செய்து வைக்க வேண்டியிருந்தது. செத்துப்போன 14 வயதுப் பையனின் பெயர் பலகைக்குக் கவசம்! நம்ம ஊர்களில் அம்பேத்கர் சிலைக்கு இரும்புக் கூண்டு போட்டிருக்கிறார்களே, அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

2022 மார்ச்சில் அமெரிக்க அரசு எம்மெட் டில் பெயரில் கும்பல் கொலைக்கு எதிரான சட்டம் கொண்டு வந்தது. 67 நிமிஷத்தில் விடுவித்ததற்கு 67 வருஷம் கழித்து ஒரு சட்டம். 2023 ஜூலை 25-இல், பையன் உயிரோடு இருந்திருந்தால் 82 வயது ஆகியிருக்கும் நாளில், அவன் பெயரிலும் தாயின் பெயரிலும் தேசிய நினைவிடம் அறிவித்தார்கள். மூன்று இடங்கள்: சிகாகோவில் இறுதிச் சடங்கு நடந்த தேவாலயம், ஆற்றங்கரை, சம்னர் நீதிமன்றம். கடை அந்தப் பட்டியலில் இல்லை. அழுத இடம் இருக்கிறது, பிணம் எடுத்த இடம் இருக்கிறது, அநீதி சொன்ன இடம் இருக்கிறது. ஆரம்பித்த இடம் இல்லை.

இதைக் கேட்டுவிட்டு அந்தத் தம்பி சொன்னான்: "விடுங்கண்ணே. இடிஞ்சு போகட்டும். கொலைகாரன் கடைய எதுக்குக் காப்பாத்தணும்? நம்ம மாடிக்கடையும் இடிஞ்சா எனக்கு சந்தோஷந்தான்."

அவன் கோபம் நியாயமானது. எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தக் கடை இடிவதால் யாருக்கு லாபம்? கறுப்பர்கள் அதை மறக்க மாட்டார்கள். அவர்களுக்குக் கட்டிடம் இல்லாமலேயே ஞாபகம் இருக்கிறது. மறக்க வேண்டிய தேவை இருப்பது ஆதிக்கத்துக்குத்தான். எந்தக் கட்டிடத்துக்குக் கூரை போட வேண்டும், எதை மழையில் நிறுத்த வேண்டும் என்பதை யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். இடிய விடுவதும் ஒரு காரியம்தான். கையில் கடப்பாறை தெரியாது, அவ்வளவே.

பழுது பார்ப்பது மட்டும் யோக்கியமா? பெட்ரோல் பங்க்கைப் பார்த்தோமே. அந்தக் காலத்து அழகு என்று பெயின்ட் அடித்து, அந்தக் காலத்துக் கொடுமையைத் துடைத்துவிடலாம். எங்க ஊர் மலர் செய்ததும் இதுதான். தேக்குக் கதவைப் பாடினார்கள். கதவுக்கு வெளியே நின்றவனை விட்டுவிட்டார்கள். பாரம்பரியக் கட்டிடம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எந்தப் பாரம்பரியம், யாருடைய பாரம்பரியம் என்றுதான்.

அமெரிக்காக்காரன் கடை நமக்கெதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். 1946-இல் டாக்டர் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பர்கள் கொடுக்கும் மனுவின் படி தனக்கு வேண்டும் என்று கேட்டார். 1972-இல் பம்பாய்த் தோழர்கள் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்தார்கள். அந்த வழக்கு நம் வழக்கோடு ஒட்டியது. அதோடு இன்னொரு தேதியையும் பாருங்கள். தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 1955 ஜூன் 1. கடைக்குள் நுழைய விடாமல் தடுப்பது குற்றம் என்று அந்தச் சட்டம் எழுத்து எழுத்தாய்ச் சொல்கிறது. எம்மெட் டில் அந்தக் கடைக்குள் போனது அதற்கு மூன்று மாதம் கூட முடியாத நேரத்தில். சட்டம் வந்து எத்தனையோ வருஷம் கழித்தும் நான் கீழ்ப்படியில் காசு வைத்துக்கொண்டிருந்தேன். மாடிக்கடை முதலாளி மேல் ஒரு வழக்குக்கூட இல்லை. வழக்கு இல்லாததால் காகிதம் இல்லை. காகிதம் இல்லாததால், அப்படியெல்லாம் எங்க ஊர்ல நடக்கவே இல்லீங்க என்று இன்று அவர் பேரன் சொல்ல முடிகிறது.

இதுதான் நான் சொல்ல வந்தது. ஒரு கட்டிடத்தின் வரலாறு பத்திரத்தில் இருப்பவனின் வரலாறாகவே எழுதப்படும், வெளியே நின்றவன் தானாக எழுதாத வரைக்கும். மனி ஊர்க் கடையின் சுவர் முழுசாக விழுந்தாலும் அந்தக் கதை விழாது. ஏனென்றால் ஒரு தாய் பெட்டியை மூட விடவில்லை. ஒரு கிழவர் விரலை நீட்டினார். ஒரு சின்ன இதழ் படத்தைப் போட்டது. ஜன்னல் வழியே பார்த்தவர் அரை நூற்றாண்டு கழித்தாவது வாயைத் திறந்தார். நம்ம மாடிக்கடைகளுக்கு இவர்களில் யார் இருக்கிறார்கள்?

மேமி டில் செய்ததை நாம் கட்டிடங்களுக்குச் செய்ய வேண்டும். பெட்டியைத் திறந்து வைக்க வேண்டும். கல் அறுத்தது யார், சூளையில் வெந்தது யார், படியில் நின்றது யார், தண்ணீர் தெளித்தது யார், எந்த வருஷம் முதல் ஆள் படி ஏறினான், ஏறினவனுக்கு என்ன ஆனது என்று கேட்டு எழுத வேண்டும். பல்கலைக்கழகம் இதை எழுதாது. விழா மலர் எழுதாது. கிழவிகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்க அம்மா போய்விட்டாள். அவள் சொன்ன ஒரு வரி மட்டும் என்னிடம் இருக்கிறது. தாத்தா சூளையின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது. நீங்கள் செய்யாதீர்கள்.

அந்தத் தம்பி இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறான். முதல் பக்கத்தில் கீழ்ப்படியின் படம் வரைந்திருக்கிறான். இதுவரை எங்க தெருவில் பதினோரு பேரிடம் பேசியிருக்கிறான். முதலில் எல்லாரும், அதெல்லாம் எதுக்குய்யா இப்ப, என்றுதான் சொன்னார்களாம். அரை மணி கழித்து அவர்களே கூப்பிட்டு விட்டுச் சொன்னார்களாம். ஒரு பாட்டி மட்டும் பேசவே இல்லை. அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மாடிக்கடையின் முன்னால் நின்று, இங்கதான் என்று விரலை நீட்டிக் காட்டினாளாம்.

உங்கள் ஊரிலும் ஒரு பழைய செங்கல் கடை இருக்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போகிற மாணவத் தோழர்கள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.